காலையில் பாறை, மதியம் வளவு, மாலையில் கடல்

திருச்சியில் இறங்கி ராமேஸ்வரத்துக்குக் கார் எடுக்கிறீர்களா? அந்த ஒரு நாளைத் தூங்கிக் கழிக்காதீர்கள்!

விடியற்காலையில் திருச்சி விமான நிலையத்தின் வாசலில் நின்று பார்த்தால் ஒரு விஷயம் புரியும். சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் விமானங்களிலிருந்து இறங்கி வருகிறவர்களில் பாதிப் பேர் திருச்சிக்கு வந்தவர்களே இல்லை. புதுக்கோட்டை, அறந்தாங்கி, காரைக்குடி, தேவகோட்டை, ராமநாதபுரம் என்று தெற்கே போகிறவர்கள். அவர்களில் ஒரு பகுதியினர் நேராக ராமேஸ்வரம் போகிறார்கள். தாத்தா காலத்தில் மலேயா போன குடும்பம், மூன்றாவது தலைமுறையில் பிள்ளைகளோடு வந்து அக்னி தீர்த்தத்தில் தர்ப்பணம் கொடுக்க வேண்டும் என்பது பல வீடுகளில் நெடுநாள் வேண்டுதல். வாசலில் பெயர் எழுதிய அட்டையோடு டிரைவர் நிற்பார். பெட்டிகளை டிக்கியில் அடுக்குவார்கள். ஏசியைப் போட்டதும் பின் சீட்டில் எல்லோரும் தூங்கிவிடுவார்கள். கண் விழிக்கும்போது பாம்பன் பாலம்.

சுமார் 230 கிலோமீட்டர். "எங்கயும் நிக்காம விட்டா நாலரை மணி நேரம் சார். சாப்பாட்டுக்கு நிறுத்தினா அஞ்சு" என்பார்கள் டிரைவர்கள். அவர்கள் கணக்கில் தவறில்லை. ஆனால் அந்த நாலரை மணி நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே கடந்து போவது என்ன என்று தெரிந்தால் தூக்கம் வராது. பல்லவர் காலத்துக் குடைவரை, பாண்டியர் காலத்து ஓவியம், சேதுபதியின் கோட்டை, பர்மாத் தேக்கில் இழைத்த வீடுகள், நூற்றாண்டுகள் கண்ட கண்மாய் எல்லாமே அந்தச் சாலையிலோ அதிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளியோதான் இருக்கின்றன. நடந்து போன காலத்தில் ராமேஸ்வர யாத்திரை நிறுத்தி நிறுத்திப் போகிற பயணமாகத்தான் இருந்தது. சேதுவுக்குப் போகும் பாதைகளில் மன்னர்களும் செட்டியார்களும் சத்திரம் கட்டி வைத்தார்கள். தஞ்சை சரபோஜி மன்னர் ஒரத்தநாட்டில் எழுப்பிய முத்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. பயணி தங்கினான், குளித்தான், சாப்பிட்டான், அந்த ஊரின் கோவிலைப் பார்த்தான், பிறகு நடந்தான். கார் வந்த பிறகு நேரம் மிச்சமானது. வழி காணாமல் போனது. அந்த வழியை ஒரே பகலில் மீட்டுக்கொள்ள முடியும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பேச வேண்டியது டிரைவரோடு

பலர் இதில்தான் சறுக்குகிறார்கள். ஒன்வே டிராப் என்று வண்டி பேசிவிட்டு, கீரனூர் தாண்டியதும் "தம்பி, வழியில ரெண்டு இடம் பார்த்துட்டுப் போலாமா?" என்று கேட்பது முறையாகாது. டிராப் வாடகையின் கணக்கே வேறு. போகிற தூரத்துக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு, இறக்கிவிட்ட ஊரிலிருந்து திரும்பி வர இன்னொரு சவாரி கிடைக்கும் என்ற நம்பிக்கையில் ஓடுகிற வண்டி அது. நீங்கள் நான்கு மணி நேரம் தாமதப்படுத்தினால் அவருடைய திரும்பும் சவாரி போய்விடும். மேலுக்குச் சரி என்பார். உள்ளுக்குள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்த அவசரம் ஆக்ஸிலேட்டரில் தெரியும்.

ஆகவே வண்டி பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்: காலை ஏழு மணிக்குக் கிளம்பி மாலை ஏழு மணிக்கு ராமேஸ்வரம், நடுவில் இந்த இந்த ஊர்களில் நிறுத்தம், மொத்தக் கிலோமீட்டர் இவ்வளவு. பிறகு கேட்க வேண்டியவை: வெயிட்டிங் மணிக்கு எவ்வளவு, டிரைவர் பேட்டா எவ்வளவு, டோல் யார் பொறுப்பு, பார்க்கிங் யார் பொறுப்பு. நாள் வாடகை பேசினால் பெரும்பாலான டிராவல்ஸ்காரர்கள் ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் என்று கணக்கு வைப்பார்கள். திரும்பி வரும் தூரத்தையும் சேர்ப்பார்கள். டிராப் வாடகையோடு வெயிட்டிங் சேர்த்துப் பேசுவது லாபமா, நாள் வாடகை லாபமா என்று இரண்டையும் கேட்டுப் பார்த்து முடிவு செய்யலாம். எதுவானாலும் வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கடைசியில் வாசலில் நின்று பெரியவர்கள் முன்னால் பேரம் பேசும் சங்கடம் இருக்காது.

இன்னொரு கேள்வியையும் கூச்சப்படாமல் கேட்க வேண்டும்: "அண்ணே, ராத்திரி தூங்கினீங்களா?" விடியற்காலை விமானத்துக்கு வந்து நிற்கும் டிரைவர் முந்தின இரவு எங்கோ ஓடிவிட்டு வந்தவராக இருக்கக்கூடும். போக்குவரத்து நிறுவனங்களில் வேலை செய்யும் ஓட்டுநருக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை என்று 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சொல்கிறது. சாலையில் அதை யாரும் எண்ணுவதில்லை. நாம் எண்ணலாம். நிறுத்தி நிறுத்திப் போகும் பயணத்தில் அவருக்கும் இடையிடையே சீட்டைச் சாய்த்துப் படுக்க நேரம் கிடைக்கிறது. இப்படிப் போவதில் எனக்குப் பிடித்த விஷயங்களில் இதுவும் ஒன்று.

எத்தனை இடம்? ஐந்துக்கு மேல் வேண்டாம். இணையத்தில் தேடினால் இந்தச் சாலையில் பார்க்க இருபது இடம் சொல்வார்கள். குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டை விட்டுவிட்டுப் போக எனக்கும் மனம் வருவதில்லை. பிள்ளையார்பட்டி, ஆவுடையார்கோவில் என்று ஆசைக்கு எல்லையில்லை. எல்லாவற்றையும் சேர்த்தால் வண்டியில் ஏறுவதும் இறங்குவதும் மட்டுமே நினைவில் நிற்கும். எதை எந்த நேரத்தில் பார்ப்பது என்பதை வெயிலிடம் விட்டுவிடுங்கள். பாறை மேல் இருப்பதைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். கூரைக்குக் கீழே இருப்பது உச்சி வேளைக்கு. கடல் மாலைக்கு. கோவில்கள் நண்பகலில் நடை சாத்திவிடும் என்பதையும் இதோடு பொருத்திக்கொண்டால் வரிசை தானாக அமைந்துவிடும்.

நார்த்தாமலை: பாறை சுடுவதற்குள் போய்விட வேண்டும்

விமான நிலையமே புதுக்கோட்டைச் சாலையில்தான் இருக்கிறது. ஊருக்குள் போக வேண்டிய வேலையே இல்லை. அங்கிருந்து முக்கால் மணி நேரத்தில், நெடுஞ்சாலையிலிருந்து மேற்கே திரும்பினால் நார்த்தாமலை. வெட்டவெளியில் வழுவழுவென்று கிடக்கும் கரும்பாறைக் குன்றுகள். அவற்றில் மேலமலை என்னும் குன்றில் ஏறினால் விஜயாலய சோழீஸ்வரம்.

ஒன்பதாம் நூற்றாண்டுக் கோவில். பெயரில் விஜயாலயன் இருக்கிறான். ஆனால் வாசலுக்கு அருகே உள்ள கல்வெட்டு வேறு கதை சொல்கிறது: சாத்தன் பூதி என்னும் இளங்கோவதியரையன் கட்டிய கற்றளி, மழையில் இடிந்து, மல்லன் விதுமன் என்பவன் அதைப் புதுப்பித்தான். இதை வைத்துக்கொண்டு இது முத்தரையர் கட்டியதே என்று ஒரு சாரார் சொல்ல, சோழர் தொடக்கக் காலக் கலை என்று இன்னொரு சாரார் சொல்ல, விவாதம் முடியவில்லை. நின்று பார்க்கிறவருக்கு அந்த விவாதம் தடையில்லை. மேற்கு நோக்கிய சந்நிதி. சதுரமான வெளிச்சுவருக்குள்ளே வட்டமான கருவறை. தமிழ்நாட்டில் இப்படியொரு அமைப்பை அடிக்கடி பார்க்க முடியாது. சுற்றிலும் சின்னச் சின்னப் பரிவாரச் சந்நிதிகள். எதிரே மலையைக் குடைந்த இரண்டு குகைகள். ஒன்று பழியிலி ஈஸ்வரம். மற்றொன்றில் சுவரோடு சுவராக, ஒன்றுபோலவே நிற்கும் 12 திருமால் உருவங்கள். காலை எட்டு மணி வெளிச்சம் அந்தக் குகைக்குள் சாய்வாக விழும்போது அந்த முகங்களைப் பார்க்க வேண்டும்.

இந்த ஊரைப் பற்றி வெளிநாட்டிலிருந்து வரும் தமிழர்களிடம் நான் சொல்ல விரும்பும் செய்தி ஒன்று உண்டு. இன்று ஆளரவமில்லாமல் கிடக்கும் நார்த்தாமலை சோழர் காலத்தில் ஒரு வணிக நகரம். தெலிங்ககுலகாலபுரம் என்று கல்வெட்டுகளில் பெயர். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் எனப்பட்ட, கடல் கடந்தும் வணிகம் செய்த வணிகக் குழுவினரின் தொடர்பு இந்த ஊருக்கு உண்டு. இந்த மண்ணிலிருந்து ஆட்கள் கிழக்கே கப்பலேறியது தாத்தாவின் காலத்தில் தொடங்கியதில்லை. அதைத் தெரிந்துகொண்டு நின்றால், பினாங்கில் பிறந்த பிள்ளைக்கும் இந்தப் பாறை அந்நியமாக இருக்காது.

அடிவாரத்திலிருந்து பாறை மேல் கால்மணி நேரம் நடக்க வேண்டும். கோவிலருகே செருப்பு கழற்ற வேண்டியிருக்கும். பத்து மணிக்கு மேல் அந்தப் பாறையில் வெறுங்காலை வைக்க முடியாது. ஒன்பதரைக்குள் இறங்கிவிடுங்கள். கடைகண்ணி எதுவும் மேலே இல்லை. தண்ணீர் கையில் இருக்கட்டும். மூட்டுவலி உள்ளவர்கள் கீழே மர நிழலில் டிரைவரோடு இருக்கலாம்.

சித்தன்னவாசல்: கூரையில் ஒரு தாமரைக் குளம்

அங்கிருந்து அன்னவாசல் பக்கமாகக் கிராமத்துச் சாலையில் அரைமணி நேரம். சித்தன்னவாசல் அறிவர் கோயில் என்னும் சமணக் குடைவரைக்குப் படியேறுவது பெரியவர்களுக்கும் முடிகிற காரியம். உள்ளே போய் முதலில் கண்ணை மூடித் திறங்கள். வெளி வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு ஓவியம் உடனே பிடிபடாது. மெல்ல மெல்ல மேலே கூரையில் பச்சை விரியும். தாமரைக் குளம். இலைகளுக்கு நடுவே மீன்கள், வாத்துகள், யானை, எருமை. குளத்தில் இறங்கித் தாமரை பறிக்கும் ஆட்கள். ஒருவர் தண்டோடு பூவைத் தோளில் சாய்த்திருக்கிற அந்த நிற்பில் இருக்கும் இயல்பை, அதற்குப் பின் வந்த பல நூற்றாண்டு ஓவியங்களில் நான் பார்த்ததில்லை. முன்தூண்களில் இரண்டு நடன மாதர். வண்ணம் பெரும்பாலும் போய்விட்டது, கோடு இருக்கிறது. அந்தக் கோட்டிலேயே ஆட்டம் இருக்கிறது.

பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இந்தக் கோவிலைப் புதுப்பித்தார் என்று தமிழ்ப் பாடல் வடிவில் ஒரு கல்வெட்டு வெளியே இருக்கிறது. உள்ளே கருவறையில் ஒருவர் மட்டும் மெதுவாக 'ம்...' என்று இழுத்தால் அறை முழுவதும் அதிரும். காவலரே செய்து காட்டுவார். எல்லோரும் சேர்ந்து கத்தினால் அது கிடைக்காது. பிள்ளைகளுக்கு இதை முன்பே சொல்லிவையுங்கள். சுவரைத் தொடக்கூடாது, படத்துக்கு ஃபிளாஷ் போடக்கூடாது. தொட்டுத் தொட்டும் கிறுக்கியும் நாம் இழந்தது போதும்.

தெம்பு இருக்கிறவர்கள் அதே குன்றின் இன்னொரு பக்கம் ஏறினால் ஏழடிப்பட்டம். பாறை விளிம்பில் ஒடுங்கிப் போகும் பாதை, இப்போது கம்பி கட்டியிருக்கிறார்கள். இயற்கைக் குகைத்தாழ்வாரத்தில் 17 கல் படுக்கைகள், தலைமாட்டில் திண்டு போலச் சற்று மேடாக்கி, மழுமழுவென்று இழைத்தவை. ஒரு படுக்கையில் உள்ள தமிழி எழுத்துக் கல்வெட்டு கிறிஸ்துவுக்கு முந்தைய காலத்தது. எருமை நாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்காக, சிறுபோசில் இளையர் இந்தப் படுக்கையைச் செய்து கொடுத்ததாக அது சொல்கிறது. எருமை நாடு என்பது இன்றைய மைசூர்ப் பகுதி என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். எங்கிருந்தோ நடந்து வந்த ஒருவருக்கு உள்ளூர்க்காரர் படுக்க இடம் வெட்டிக் கொடுத்திருக்கிறார். இரண்டாயிரம் ஆண்டுகளாக அந்த இடம் அங்கேயே இருக்கிறது. மேலே நின்றால் புதுக்கோட்டைச் சமவெளி முழுவதும் தெரியும்.

நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். பதினொன்றேகாலுக்கு வண்டி நகர வேண்டும்.

புதுக்கோட்டையை நாம் வெறுமனே கடக்கிறோம். அது நியாயமில்லைதான். 1948 மார்ச் மாதம் இந்தியாவோடு இணையும் வரை தனி சமஸ்தானமாக இருந்து, தனக்கென்று அம்மன் காசு அடித்த ஊர். திருக்கோகர்ணத்தில் 1910-ல் தொடங்கிய அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகளோடு போகிறவர்கள் மலையேற்றத்தில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு இதைச் சேர்க்கலாம். வெள்ளிக்கிழமை அரசு அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை என்பதால் இந்தப் பயணத்துக்கே அந்த நாளைத் தவிர்ப்பது நல்லது. மற்றபடி, புதுக்கோட்டையில் நிறுத்துவதற்கு ஒரு கட்டாயக் காரணம் கழிப்பறை. இதைப் பயணக் கட்டுரைகளில் யாரும் எழுதுவதில்லை. குடும்பத்துப் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருவது இதற்காகத்தான். நார்த்தாமலையிலும் சித்தன்னவாசல் குன்றின் மேலும் வசதி எதிர்பார்க்க முடியாது. புதுக்கோட்டையில் நல்ல ஓட்டலாகப் பார்த்து ஒரு காபிக்கு உட்காருங்கள். அடுத்தது செட்டிநாட்டு மதிய உணவின்போது, அதற்கடுத்தது ராமநாதபுரத்தில். இந்த மூன்றையும் முன்கூட்டியே டிரைவரிடம் சொல்லிவிட்டால் எல்லோரும் நிம்மதியாகத் தண்ணீர் குடிப்பார்கள்.

திருமயம்: டிரைவரே நிறுத்துவார்

புதுக்கோட்டையிலிருந்து தெற்கே 20 கிலோமீட்டரில், சாலையை ஒட்டியே பாறைக் குன்றும் அதன் மேல் கோட்டையும் வந்து நிற்கும். இங்கே நீங்கள் சொல்லாமலே வண்டி நிற்கும். கோட்டைச் சுவரில் சாலையைப் பார்த்தபடி கோட்டை பைரவர் இருக்கிறார். இந்த வழியில் ஓடுகிற டிரைவர்கள் அவரைக் கும்பிடாமல் கடப்பதில்லை. தேங்காய் விடலை போட்டு, விபூதி பூசிக்கொண்டு, ஸ்டீயரிங்கிலும் கொஞ்சம் தொட்டு வைப்பார்கள். அவரோடு இறங்கி நீங்களும் கும்பிடுங்கள்.

1687-ல் இந்தக் கோட்டையைக் கட்டியவர் ராமநாதபுரத்து மன்னர் ரகுநாத கிழவன் சேதுபதி. பிறகு இது புதுக்கோட்டைத் தொண்டைமான்கள் வசம் போனது. அந்தத் தொண்டைமான் குடும்பமும் கிழவன் சேதுபதியும் பெண் கொண்டு கொடுத்த உறவு. புதுக்கோட்டை சமஸ்தானம் உருவானதே அந்த உறவில்தான். இதை இங்கே சொல்லக் காரணம், மாலையில் நீங்கள் அதே கிழவன் சேதுபதியின் அரண்மனை வாசலில் நிற்கப் போகிறீர்கள் என்பதுதான். ஒரு ராஜ்யத்தின் வடக்குக் காவலை உச்சி வேளையிலும், அதன் தலைநகரைச் சாயங்காலத்திலும் பார்ப்பது இந்தச் சாலையில் மட்டுமே நடக்கும். பாடப்புத்தகத்தில் தனித்தனிப் பத்திகளாகப் படித்தது, மூன்று மணி நேர ஓட்டத்தில் ஒன்றாகச் சேரும்.

குன்றின் தென்புறம் இரண்டு குடைவரைக் கோவில்கள், ஒரே பாறையில் அருகருகே: சத்தியகிரீஸ்வரர், சத்தியமூர்த்திப் பெருமாள். பெருமாள் கோவில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. பாறையிலேயே செதுக்கிய பள்ளிகொண்ட பெருமாள் மிகப் பெரியவர். ஆதிசேஷன் கக்கும் நெருப்பில் மதுகைடபர்கள் ஓடும் காட்சி பின்சுவரில். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இரு கோவிலாருக்கும் வழக்கு வந்து, ஹொய்சாளத் தளபதி ஒருவர் முன்னிலையில் நிலமும் வருமானமும் பிரித்துக் கொடுக்கப்பட்டதைக் கல்வெட்டு சொல்கிறது. நண்பகலுக்குள் போனால்தான் நடை திறந்திருக்கும். நம் வரிசையில் அது கடினம். பெருமாளைச் சேவித்தே ஆக வேண்டும் என்கிற குடும்பத்தார் ஏழடிப்பட்டத்தை விட்டுவிட்டு அரைமணி முன்னதாக வந்துவிட வேண்டும். கோட்டையின் உச்சிக்கு ஏறுவதை மட்டும் இந்த வேளையில் தயவுசெய்து தவிருங்கள். நிழலே கிடையாது.

செட்டிநாடு: வெயில் உள்ளே வராத வீடு

திருமயத்திலிருந்து இருபது நிமிடத்தில் கானாடுகாத்தான் திரும்பும் வழி. மணி ஒன்று இருக்கும். வெளியே தார் உருகும் நேரம். இந்த வீடுகள் அதற்காகவே கட்டப்பட்டவை.

முகப்பில் உயர்ந்த திண்ணை. நிலைக்கதவு தாண்டினால் வளவு; நடுவே வானம் திறந்த முற்றம், சுற்றி ஒற்றைத் தேக்குத் தூண்கள், வரிசையாக அறைகள். அதைத் தாண்டி இரண்டாங்கட்டு, பிறகு அடுப்படி, கடைசியில் பின் தெரு. வாசலில் நின்றால் கதவுக்குள் கதவாகப் பின் வாசல் வெளிச்சம் வரை நேர்கோட்டில் தெரியும். காற்று அந்தக் கோட்டில் ஓடும். சுவரில் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி இழைத்த பளபளப்பு. கையை வைத்தால் ஜில்லென்று இருக்கும். பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியக் கண்ணாடி என்று கொண்டு வந்து இறக்கிய பொருளெல்லாம் வணிகத்துக்குப் போன இடங்களின் கணக்குதான். பர்மா, இலங்கை, மலேயா, சைகோன் எங்கும் நகரத்தார் எனப்படும் இந்த ஊர்ச் செட்டியார்கள் கடை வைத்தார்கள். கடை வைத்த இடத்தில் முருகன் கோவில் வைத்தார்கள். சிங்கப்பூர் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோவில் 1859-ல் அவர்கள் எழுப்பியது. தைப்பூசத்துக்கு அங்கே காவடி எடுத்தவர்கள் கானாடுகாத்தானில் ஒரு திண்ணையில் பத்து நிமிடம் உட்கார வேண்டும். இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கும் கடல் அந்தப் பத்து நிமிடம் சின்னதாகிவிடும்.

ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் அரண்மனையை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, பார்வையாளரை அனுமதிக்கும் வேறு வீடு ஒன்றுக்குள் செல்லுங்கள். கட்டணம் வாங்குவார்கள், மகிழ்ந்து கொடுங்கள். பங்காளிகள் பத்து ஊரில் இருக்க, பூட்டிக் கிடந்து, தூணைக் கழற்றி விற்று, இடித்து மனையான வீடுகள் எத்தனையோ. பார்க்க வருகிறவர் தரும் காசு ஓட்டுக் கூரையை ஒரு மழைக்காலம் கூடுதலாகத் தாங்கும். 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இருக்கின்றன. பட்டியலில் இருப்பதால் மட்டும் ஒரு வீடும் நிற்காது.

சாப்பாட்டை இங்கே முன்பதிவு செய்துகொள்வது உத்தமம். தங்கும் விடுதியாக மாறிய வீடுகளில் முந்தின நாளே சொன்னால் இலைபோட்டுப் பரிமாறுவார்கள். காரைக்குடி மெஸ்களில் ஆட்டுக்கறியும் காடையும் பிரசித்தம் என்றாலும், மறுநாள் தர்ப்பணம் இருக்கிறவர்கள் சைவத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். அவர்களுக்கும் குறையில்லை: மண்டி, கூட்டு, கவுனி அரிசி இனிப்பு, கிடைத்தால் வெள்ளைப் பணியாரம். டிரைவருக்கும் அதே பந்தியில் இலை போடச் சொல்லுங்கள்.

மிச்சமிருக்கும் நேரத்தில் பக்கத்திலேயே ஆத்தங்குடி. தரையில் பதிக்கும் பூக்கல் செய்கிற பட்டறை ஏதாவது ஒன்றில் பதினைந்து நிமிடம் நின்றால் போதும். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்பு அச்சை வைத்து, அதன் கட்டங்களில் வண்ணம் கலந்த சிமெண்டுக் கரைசலைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் கோலம் கலையாமல் நிற்கும். மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, ஈரக் கலவையால் மூடி, காயவைத்து, பிறகு தண்ணீர்த் தொட்டியில் போட்டு ஊறவைப்பார்கள். ஊறி எடுத்துக் கண்ணாடியைப் பிரித்தால் பளபளப்பு தானே வந்திருக்கும். பாலீஷ் இல்லை, சூளை இல்லை. அந்த ஊர் மணலில்தான் அது சரியாக வரும் என்று தொழிலாளர்கள் சொல்கிறார்கள்.

இரண்டரை மணிக்குக் கிளம்பாவிட்டால் மாலை கைநழுவிவிடும்.

கண்மாயும் சேதுபதி வீடும்

தேவகோட்டை தாண்டியதும் நிலம் மாறுகிறது. பனையும் சீமைக்கருவேலமும், அங்கங்கே கரிமூட்டத்தின் புகை. வறண்ட சீமை என்று கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். ஆர்.எஸ்.மங்கலம் வரும்போது சாலையோரம் நீண்டுகொண்டே போகும் கரையைப் பாருங்கள். பாண்டியன் ராஜசிம்மன் பெயர் தாங்கிய பெருங்கண்மாய். நாரை பறக்க முடியாத நாற்பத்தெட்டு மடை என்று ஊரார் சொல்வது இதைத்தான். ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நாரை ஒரே மூச்சில் பறக்க முடியாதாம். மழை பொய்க்கும் மண்ணில் வந்த தண்ணீரைத் தேக்கிவைக்க எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்பதற்கு இந்தக் கரை சாட்சி. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் தைக்குள் வந்தால் நீரும் பறவையும் பார்க்கலாம். சித்திரையில் விரிசல் விட்ட தரைதான்.

தேவிபட்டினத்தில் முதன்முதலாகக் கடல் தெரியும். கடலுக்குள் நவபாஷாணம், ஒன்பது கற்கள். சேதுவுக்குப் போகிற பலர் இங்கே சங்கல்பம் செய்துகொண்டுதான் போவார்கள். வேண்டுதல் இருந்தால் இறங்குங்கள். இல்லையென்றால் நேராக ராமநாதபுரம் போய்விடுங்கள், ஏனென்றால் சேதுபதிகளின் அரண்மனையான ராமலிங்க விலாசம் சாத்துவதற்குள் அங்கே இருக்க வேண்டும்.

ராமேஸ்வரம் போகும் ஆயிரக்கணக்கான வண்டிகள் இந்த அரண்மனைத் தெருவுக்குச் சற்றுத் தள்ளித்தான் தினமும் கடக்கின்றன. உள்ளே வருகிறவர்கள் கொஞ்சம் பேர். எனக்கு இது தீராத ஆதங்கம். கிழவன் சேதுபதி காலத்து அரண்மனை. சுவர், கூரை, வளைவு என்று ஓரிடம் விடாமல் ஓவியம், பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முத்து விஜய ரகுநாத சேதுபதியின் காலத்தது. ராமாயணம், பாகவதம் ஒருபுறம். இன்னொருபுறம் தஞ்சை மராத்தியரோடு நடந்த போர், குதிரைகள், பீரங்கி. தொப்பி போட்ட ஐரோப்பியர் சேதுபதியைக் காண வந்து நிற்கும் காட்சி. அரசர் அந்தப்புரத்தில் இருப்பதையும் வேட்டையாடுவதையும்கூட வரைந்திருக்கிறார்கள். காலையில் சித்தன்னவாசல் கூரையில் தாமரை பறித்த ஆளையும், மாலையில் இந்தச் சுவரில் பல்லக்குத் தூக்கும் ஆளையும் ஒரே நாளில் பார்க்கிறோம். நடுவே எண்ணூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல். இடுப்பில் வேட்டி கட்டியிருக்கும் விதத்தை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள், நேரம் போவது தெரியாது.

பாலத்தில் நிறுத்தாதீர்கள்

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் 55 கிலோமீட்டர். உச்சிப்புளி, மண்டபம் தாண்டி ஆறு மணிவாக்கில் சாலைப் பாலம் ஏறினால் மேற்கே வெயில் தாழ்ந்திருக்கும். 1988-ல் திறந்த பாலம் இது. இடப்பக்கம் கீழே ரயில் பாலம். 1914-ல் திறக்கப்பட்டு, 1964 டிசம்பர் புயலில் அடிபட்டு எழுந்து, 2022 கடைசி வரை ரயில் ஓடிய பழைய பாலம். அதன் அருகே 2025 ஏப்ரலில் திறந்த புதியது. கப்பலுக்கு வழிவிட நடுக்கண் கைவிரித்துத் திறந்தது பழையதில். புதியதில் அது அப்படியே மேலே ஏறும்.

எல்லோரும் நடுப்பாலத்தில் வண்டியை ஓரங்கட்டிச் செல்ஃபி எடுக்க இறங்குகிறார்கள். அங்கே ஒதுங்க இடமில்லை. பஸ்ஸும் லாரியும் உரசிக்கொண்டு போகின்றன. டிரைவரை வற்புறுத்தி அங்கே நிறுத்த வைக்காதீர்கள். மெதுவாக ஓட்டச் சொன்னால் போதும். பாம்பன் பக்கம் இறங்கியதும் கரையோரத்திலிருந்து சாலைப் பாலத்தையும் ரயில் பாலத்தையும் சேர்த்துப் பார்க்கலாம்.

தனுஷ்கோடியை இந்த நாளில் திணிக்க வேண்டாம். அது காலையில் பார்க்க வேண்டிய இடம். ஆடி, தை, மகாளய அமாவாசைகளை ஒட்டி வருகிறவர்கள் இந்தத் திட்டத்தையே தள்ளிப் போடுங்கள். மண்டபத்திலிருந்தே வண்டிகள் நகராது. சாதாரண நாளில் ஏழு மணிக்குள் அறைக்கு வந்துவிட்டால், குளித்துவிட்டு நடை சாத்துவதற்குள் ஒரு தரிசனம் கிடைக்கும். தர்ப்பணமும் 22 தீர்த்தமாடலும் மறுநாள் விடியலில்.

கடைசியாக ஒன்று, அறை பதிவு செய்யும்போதே கவனிக்க வேண்டியது. காலையிலிருந்து வண்டி ஓட்டியவர் இரவு எங்கே படுப்பார்? பெரும்பாலும் வண்டிக்குள்ளேயே, கொசுக்கடியில், ஜன்னலை இரண்டு விரல் இறக்கிவிட்டு. விடுதிகளில் ஓட்டுநர்கள் தங்க இடமும் கழிப்பறையும் இருக்க வேண்டும் என்று 2023-ல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தியது. விடுதியைத் தேர்வு செய்யும்போது "டிரைவர் ரூம் இருக்கா, பாத்ரூம் இருக்கா, அதுக்குத் தனியாக் காசு உண்டா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் வேறு விடுதி பாருங்கள். எல்லாரும் கேட்டால்தான் கட்டுவார்கள். அன்றிரவே திருச்சிக்குத் திரும்பிவிடுகிறேன் என்று அவர் சொன்னாலும் விடாதீர்கள். ஒரு ராத்திரி பேட்டா சேர்த்துக் கொடுத்து, சாப்பிட வைத்து, தூங்கிவிட்டுக் காலையில் கிளம்பச் சொல்லுங்கள்.